தெருக்கோடியில் ஒரு தங்குமிடம்

1

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் இருந்த அறிவிப்புப் பலகையை நகரசபை ஆட்கள் பிடுங்கி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போய் வந்தேன். வெயிலில் வெளுத்து, பனியில் பாதி புதைந்து, யாரோ பெயின்டால் கிறுக்கி, அதன் எழுத்தே படிக்க முடியாமல் ஆகியிருந்தது. பிடுங்கிய இடத்தில் இரண்டு குழிகள் மட்டும் இருந்தன. வீட்டுக்கு வந்து துணிகூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவள். பெயர் ரோஸ்லின், ரோசி என்று கூப்பிடுவார்கள். கனடாவில், டொராண்டோவிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை. கணவர் டேவிட் அதே தங்க வயலில் கோரமண்டல் பகுதிக்காரர். கார் பாகங்கள் செய்யும் ஃபாக்டரியில் ஷிப்ட் பார்க்கிறார். ஒரே மகள் ஷெரின் காலேஜில் படிக்கிறாள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு கம்பளக் கடை இருந்தது. அது மூடி ரொம்ப நாளாகிவிட்டது. அந்தக் கட்டடத்தை வீடில்லாதவர்கள் இரவு தங்கும் இடமாகவும், பகலில் குளிக்க, சாப்பிட, டாக்டரைப் பார்க்க, வேலை தேட உதவும் சேவை மையமாகவும் மாற்ற ஒரு தொண்டு நிறுவனம் கேட்டிருந்தது. அதைத்தான் பலகை சொன்னது. இந்த ஊரில் ஒவ்வொரு நிலத்திலும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை ஜோனிங் என்கிறார்கள். எங்கள் தெருக்கோடியில் கம்பளம் விற்கலாம். அதன்மேல் ஒருவர் படுத்துத் தூங்கக் கூடாது. தூங்க வேண்டுமென்றால் நகரசபை கூடி, எல்லாரையும் பேசவிட்டு, ஓட்டுப் போட்டு அந்த விதியை மாற்ற வேண்டும்.

பலகை வந்த மறுநாளே எதிர்வீட்டு அம்மா கையெழுத்து வாங்க வந்துவிட்டாள். நல்லவள்தான். நாங்கள் குடிவந்த அன்று கேக் செய்து கொடுத்தவள். அவள் வீட்டு வாசல் கேமராவில் ஒரு ஆள் ராத்திரியில் நம் தெருவில் நடந்துபோவது அடிக்கடி பதிவாகிறதாம். "தங்குமிடம் வருவதற்கு முன்னாலேயே இப்படி. வந்தபிறகு?" என்றாள். டேவிட் பேனாவை வாங்கி உடனே கையெழுத்துப் போட்டார்.

கதவைச் சாத்தியதும் நான் கேட்டேன். "இன்னாங்க, படிச்சுப் பாக்காமலே போட்டுட்டீங்க?"

"படிக்கிறதுக்கு இன்னா இருக்கு? வூட்ட வாங்கி இப்பதான் மூச்சு வுடறோம். கூட்டத்துலயும் நானே போய்ப் பேசப் போறேன்."

மாடிப்படியில் நின்றிருந்த ஷெரின் இங்கிலீஷில், "நீங்களும் கம்பெனி வீட்டிலதானே வளர்ந்தீங்க, டாடி? அது உங்க சொந்த வீடா?" என்று கேட்டாள். டேவிட் தமிழில் பதில் சொன்னார். எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் சண்டை போடுவதுகூட இரண்டு மொழியில்தான். நடுவில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

2

டேவிட்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் லைன் என்றால் தங்கச் சுரங்கக் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீடு. சுவரோடு சுவராக ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டில் தாளித்தால் நமக்குத் தும்மல் வரும். லைனுக்கு ஒரு குழாய். ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் மொத்த லைனும் எழுந்துகொள்ளும். வேலை இருக்கிறவரைக்கும் வீடும் இருக்கும் என்பதுதான் கணக்கு. இரண்டாயிரத்தொன்றில் மைன்ஸ் மூடியபோது வேலை போனது. வீட்டை யாரும் கேட்கவில்லை. ஆனால் கேட்க மாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை.

அந்த நடுவாந்தரத்தில்தான் நாங்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தோம். கோரமண்டலில் டேவிட்டின் அப்பா, ஜீப் சத்தம் கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்து நிற்பார். ஏதோ ஆர்டரைப் படித்துக் காட்டி வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்று பயம். ஜீப் போனபிறகும் கை காயும்வரை அங்கேயே நிற்பார். கல்யாணமான புதிதில் நானே பார்த்திருக்கிறேன். ஓட்டில் ஒழுகினால்கூட மாற்றிப்போட யோசிப்பார். நம் வீடா, யார் வீடோ, எதற்குச் செலவு பண்ணுவது என்பார்.

அந்த மனுஷனின் பிள்ளை டேவிட். நாங்கள் இருவரும் வெளிச்சம் வருமுன்னே ரயிலேறி பெங்களூர் போய் வேலை செய்து, அப்புறம் துபாய் போய், அங்கிருந்து இங்கே வந்து, கடைசியில் கிடைத்த வீடு இது. இங்கேயும் யாரோ ஒரு ஆர்டரைப் பலகையில் ஒட்டினால் அவருக்கு ஜீப் சத்தம் கேட்கத்தான் செய்யும். அதை ஷெரினுக்குச் சொல்ல என் இங்கிலீஷ் போதவில்லை. அவளுடைய தமிழும் போதவில்லை.

3

பலகை வந்து சில வாரம் கழித்து, வேலை முடிந்து பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து என் தங்கை ஜாஸ்மின் போன் பண்ணியிருந்தாள். சாம்பியன் ரீப்ஸில் நாங்கள் பிறந்த அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவள் பையன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். தினம் ரயிலில் நின்றுகொண்டே போகிறான், கால் வலிக்கிறது என்கிறான் என்று புலம்பினாள்.

"மாரிகுப்பம் போய் ஏறச் சொல்லுடி. முன்ன போறதுக்குப் பின்னால போனாத்தான் நம்ம ஊர்ல சீட்டு" என்றேன்.

எதிர் பெஞ்சில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த தாடிக்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்தார். மாரிகுப்பத்தில்தான் ரயில் புறப்படும். சாம்பியன்காரர்கள் சீட்டுப் பிடிக்க எதிர்த்திசையில் அங்கே போய் ஏறுவார்கள். இது தெரிந்தவர்தான் சிரிக்க முடியும். நான் போனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தமிழா? எந்த ஊரு நீங்க?"

அவர் காலடியில் இரண்டு பைகள், ஒரு சுருட்டிய போர்வை. எழுந்து பைகளை எடுத்தார். எடுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார். அந்தச் சுளிப்பில் ஏதோ ஒரு சின்னப் பையனின் முகம் தெரிந்தது.

"வில்சா? ரெஜினா ஆன்ட்டி பையன் வில்சன்தானே நீ?"

அவன் நின்றுவிட்டான். "ரோசிக்கா..." என்றான். அப்புறம் பைகளைக் கீழே வைத்தான். "அக்கா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணா வுழுறேன்."

ரெஜினா ஆன்ட்டி எங்களுக்கு அடுத்த லைன். அவர் புருஷன் என் அப்பாவோடு ஒரே சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர். வில்சன் கனடாவில் பெரிய லாரி ஓட்டுகிறான், அலைச்சல் ஜாஸ்தி, அதனால் போன் பண்ண முடிவதில்லை என்றுதான் ஆன்ட்டி சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி ஓட்டியது நிஜம். முதுகு போன பிறகு வேலை போனது. வேலை போனபிறகு ரூம் போனது. கொஞ்ச நாள் காரில் தூங்கினான். பிறகு காரையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பஸ் நிலையத்தைப் பூட்டுகிறவரை உள்ளே உட்கார்ந்திருப்பான். இதை அவன் ஒப்புக்குச் சொல்வதுபோல, வேறு யாருக்கோ நடந்ததுபோல, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

என்னிடம் இருந்த டப்பாவில் மத்தியானச் சோறு கொஞ்சம் மிச்சம் இருந்தது. கொடுத்தேன். நான் பார்க்கும்போது சாப்பிடவில்லை.

4

அன்று இரவுச் சாப்பாட்டில் டேவிட்டிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பாவம்" என்றார். உடனே, "வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்துடாத, ரோசி. ஒருத்தர உள்ள வெச்சா அப்புறம் வெளிய அனுப்ப முடியாது" என்றார். ஷெரின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜாஸ்மின் போன் பண்ணும்போது ரெஜினா ஆன்ட்டியும் வந்து உட்கார்ந்துகொள்வார். "ரோசி, என் பையனும் அங்கதான் எங்கியோ கீறான். கண்ல பட்டா சொல்லும்மா, வெயிட் போட்டானா, எளச்சானா" என்பார். கனடா என்பது எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை பஜார் மாதிரி, சாயங்காலம் ஒரு சுற்று வந்தால் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பு. நான், "பெரிய நாடு ஆன்ட்டி" என்பேன். வில்சனுக்குக் கொடுத்த வாக்கு. அந்த போன்களுக்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஷெரின் ஏற்கெனவே தங்குமிடத்துக்கு ஆதரவாக வேலை செய்யும் மாணவர்களோடு சேர்ந்திருந்தாள். அவளும் நானும் வில்சனைப் போய்ப் பார்த்தோம். நகரசபைக் கமிட்டிக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிடம் பேசலாம். வீடில்லாத ஒருவரே பேசினால் ஓட்டு மாறும் என்று அவள் சொன்னாள். நான் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. வில்சனின் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"கூட்டத்த நெட்ல லைவா வுடுவாங்களே?" என்று தமிழில் கேட்டான்.

"ஆமாம்" என்றாள் ஷெரின்.

"அப்ப முடியாது பாப்பா. நாளைக்கே நம்ம ஊர்ல ஆண்டர்சன்பேட்டை வரைக்கும் வாட்ஸாப்புல சுத்தும். எங்கம்மா சர்ச்சுக்கு எப்புடிப் போவாங்க?"

ஷெரின் வற்புறுத்தவில்லை. வரும் வழியில், "அப்ப நீ பேசு, மம்மி" என்றாள். நானா என்றேன். சரி என்றும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. டேவிட் எதிர்த்துப் பேச ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர், இரண்டு பக்கம்.

5

கூட்டத்துக்கு நாங்கள் ஒரே காரில்தான் போனோம். 

நகரசபை மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் அதிகாரி ஒருவர் வரைபடம் காட்டினார். பிறகு தெருக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. "எங்களுக்கும் இரக்கம் உண்டு, ஆனால் இந்த இடம் சரியில்லை" என்றுதான் எல்லாரும் ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு அம்மா ராத்திரி நடக்கும் ஆளைப் பற்றிச் சொன்னாள். ஜன்னல் திரையை விலக்கவே பயமாக இருக்கிறது என்றபோது அவள் குரல் நிஜமாகவே நடுங்கியது.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஷெரின் திருத்திக் கொடுத்த தாள் கையில் இருந்தது. மைக் முன்னால் போனதும் எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. தாளை மடித்துவிட்டு வாய்க்கு வந்த இங்கிலீஷில் பேசினேன். நான் பிறந்தது லைனில் என்றேன். அப்பா அம்மா எல்லாரும் சாகும்வரை லைனில்தான் இருந்தார்கள் என்றேன்.

தலைவர் அம்மாள் கனிவாகக் குனிந்து, "மன்னிக்கணும், எதற்கான லைன்? சாப்பாட்டுக்கா?" என்று கேட்டார். இங்கே லைன் என்றால் க்யூ. அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"இல்லை, இல்லை. கம்பெனி குவார்ட்டர்ஸ். கம்பெனி எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் கொடுத்தது."

இங்கே குவார்ட்டர் என்றால் சில்லறைக் காசு. பின்னால் யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அடுத்த வார்த்தை வரவில்லை.  மைக் முன்னால் அப்படி நின்றபோது ஊரைவிட்டு வந்த இத்தனை வருடமும் வீண் என்று தோன்றியது.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வரிசை வீடுகளைச் சொல்கிறார், மேடம். தங்கச் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டியது. நான் அடுத்த வரிசையில் பிறந்தவன்."

வில்சன். கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். வருவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பேசுவதென்றால் மைக்குக்கு வந்து பெயர் சொல்ல வேண்டும் என்றார் தலைவர். அவன் மேலே இருந்த கேமராவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றான். பிறகு நடந்துவந்து என் பக்கத்தில் நின்று, அப்பா பெயரையும் சேர்த்துத் தன் முழுப்பெயரைச் சொன்னான்.

அவன் பேசியது இவ்வளவுதான். "நான் லாரி ஓட்டினேன். உங்கள் ஃபிரிட்ஜில் இருந்த பால் நான் கொண்டுவந்ததாக இருக்கலாம். இப்போது எனக்கு வீடில்லை. பஸ் நிலையத்தைப் பூட்டியபிறகு நடப்பேன். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், தூங்கினால் இந்தக் குளிரில் எழுந்திருக்க மாட்டேன். அதனால் நடக்கிறேன். அந்தத் தெருவில் விளக்கு நன்றாக எரிகிறது, அதனால் அங்கே நடக்கிறேன்." எதிர்வீட்டு அம்மாவின் பக்கம் திரும்பினான். "உங்கள் கேமராவில் வரும் ஆள் நான்தான், மேடம். நான் உங்கள் வீட்டைப் பார்க்கவில்லை. நடந்துகொண்டுதான் இருந்தேன். பயமுறுத்தியதற்கு மன்னிக்கணும்."

அவனுக்கு ஐந்து நிமிடம் தேவைப்படவில்லை. எதிர்வீட்டு அம்மா கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து டேவிட்டின் பெயர். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார், பிரிக்கவில்லை. "எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. போட்ட கையெழுத்தை நான் திரும்ப வாங்கவில்லை" என்றார். "ஆனால் இதைக் கட்டினால் வாசலை எங்கள் தெருவில் வைக்காதீர்கள், மெயின் ரோட்டில் வையுங்கள். சேவை மையத்தை மத்தியானமே மூடிவிட்டு, தங்க வருகிறவர்களுக்கு இருட்டிய பிறகுதான் கதவைத் திறப்போம் என்று திட்டத்தில் போட்டிருக்கிறீர்கள். முன்னாலேயே திறங்கள். அதுவரை இவர்கள் எங்கே நிற்பார்கள்?" சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷெரின் குனிந்து அவர் தோளைத் தொட்டாள்.

கமிட்டி அன்று ஒப்புதல் கொடுத்தது, நிபந்தனைகளோடு.

6

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இங்கே எதுவும் அப்படி முடிவதில்லை. கமிட்டி சொன்னதை முழு நகரசபையும் சொல்ல வேண்டும். போக்குவரத்து அறிக்கை வேண்டும் என்றார்கள். அது வந்ததும் வேலி பற்றிப் பேசினார்கள். வேலி முடிந்ததும் கார் நிறுத்துமிடம் போதவில்லை என்றார்கள். காரில் தூங்கக்கூட கார் இல்லாதவர்களுக்கு எதற்குக் கார் நிறுத்துமிடம் என்று ஷெரின் வீட்டில் கத்தினாள். விதி அப்படி. அதைத் தளர்த்த இன்னொரு கூட்டம். படுக்கைகளைக் குறைத்தார்கள். வாசல் மெயின் ரோட்டுக்குப் போனது. டேவிட் சொன்னதில் அது ஒன்று நடந்தது.

இதற்குள் ஒரு குளிர்காலம் போய்விட்டது. அந்த மாதங்களில் வில்சனை எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் படுக்கவிட்டார்கள். அப்புறம் பக்கத்து ஊர் கிடங்கு ஒன்றில் பாரம் தூக்காத வேலை கிடைத்தது. மூன்று பேரோடு சேர்ந்து ஒரு ரூம். எந்த இடத்துக்காகப் பெயரைச் சொன்னானோ அந்த இடத்தில் அவன் ஒரு நாள்கூடத் தூங்கப் போவதில்லை. கடைசியில் நகரசபையும் சரி என்றது. பலகையை இப்போது எடுத்தது, கட்டட வேலை ஆரம்பிக்கப் போவதால்.

அவன் பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது. கூட்டம் முடிந்து ஒரு வாரத்துக்குள் யாரோ அந்த வீடியோவை வெட்டி ஊர் வாட்ஸாப்பில் விட்டுவிட்டார்கள். ஜாஸ்மின் போன் பண்ணினாள். "ஆன்ட்டி பாத்துட்டாங்கக்கா.  போனத் திருப்பிக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிட்டாங்க."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வந்து உட்காரவில்லை. வில்சன் எத்தனையோ முறை போன் பண்ணிப் பார்த்தான். எடுக்கவே இல்லை. மாதக்கணக்கில் எடுக்கவில்லை. "நான் மைக்குல அப்பா பேரச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்பான். 

7

நேற்று ஞாயிறு. வில்சன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை வருகிறான். கூப்பிடுவது டேவிட்தான். கை கழுவிவிட்டு உட்கார்ந்தபோது என் போன் அடித்தது. ஜாஸ்மின் என்று நினைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரோசி, அவன் அங்கயா கீறான்?"

ரெஜினா ஆன்ட்டி. வில்சன் எழுந்து நின்றுவிட்டான். ஜாஸ்மின்தான் சொல்லியிருக்க வேண்டும், இன்று வருவான் என்று.

"இருக்கான் ஆன்ட்டி. கேட்டுக்கினுதான் இருக்கான்."

"அப்ப நான் பேசறேன், அவன் கேக்கட்டும்" என்றார். குரல் வயதாகியிருந்தது. "டேய், உங்கப்பா மைன்ஸ் மூடினப்புறம் பெங்களூர்ல வாட்ச்மேன் வேலைக்குப் போனாரு, ஞாபகம் இருக்கா? அந்த வேல ஒரே வருசத்துல போச்சு. உங்களுக்கெல்லாம் தெரியாது. அவரு சொல்லல. தெனம் காலையில டிபன் டப்பாவத் தூக்கிக்கினு ரயிலேறிப் போவாரு. பாதி வழியிலயே பங்காருப்பேட்ட ஸ்டேஷன்ல எறங்கி, சாயங்கால ரயிலு வரைக்கும் அந்த பெஞ்சுலயே உக்காந்திருப்பாரு. பாத்தவங்க வந்து எங்கிட்ட சொன்னாங்க. நான் அவர ஒரு நாளும் கேக்கல. டப்பா கட்டிக் குடுத்தேன், அவ்ளோதான்."

வில்சன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

"உன்னியும் கேட்டிருக்க மாட்டேன்டா. சர்ச்சுல நாலு பேரு பேசுனா பேசிட்டுப் போறாங்க. நீ போன் பண்ணா நல்லா கீறேன்னு சொல்லுவே. அத என்னால கேக்க முடியாது. அதான் எடுக்கல."

"அம்மா..."

"இரு. சொல்லி முடிச்சிடறேன். அவரு டப்பா தெனமும் காலியாத் திரும்பி வரும். தெறந்து பாப்பேன். சாப்ட்டுட்டாரு, அது போதும்னு தைரியமா இருப்பேன். உன்னுது எனக்கு எப்புடிடா தெரியும்?"

 ஷெரினுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அவள் அழுதுகொண்டிருந்தாள். டேவிட் மெதுவாக எழுந்து, வில்சன் முன்னால் இருந்த தட்டை எடுத்துச் சோறு போட்டு வைத்தார்.

வில்சன் உட்கார்ந்தான். போனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"இப்பதாம்மா சாப்ட உக்காந்தேன். ரோசிக்கா வூட்டுல."

"இன்னா சாப்பாடு?"

அவன் தட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான்.